பத்து மாதம் பழுது பார்த்த ரேடியோ

"பௌதி, ஃபேனை நிறுத்தப் போகிறேன். கொஞ்சம் புழுக்கமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு, தபன் எழுந்து சுவிட்சைத் தட்டினார்.

பௌதி என்றால் அண்ணி. இந்த ஊரில் அறிமுகமான வீட்டுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த அண்ணி, என் மனைவி கோமதி. பவானிபூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் தபனின் பழுதுபார்க்கும் கடையில், பிளாஸ்டிக் ஸ்டூலில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே மேஜைமேல் எங்கள் டிரான்சிஸ்டர் ரேடியோ.

மழைக்கு முந்தைய ஜூன் மாதத்துப் புழுக்கம். ஃபேன் நின்றதும் கடைக்குள் ஈயம் உருகிய வாசனையும், பக்கத்துக் கடையின் கடுகெண்ணெய் நெடியும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. மிக்சி ஜாரோடு வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்றார் தபன்.

கோமதி என்னைப் பார்த்தாள். பல் டாக்டரிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால் பார்ப்போமே, அந்த மாதிரி. நான் தலையை ஆட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்தத் தொடரில் இதுவரை சிரிக்கும்படியான சங்கதிகளாகவே எழுதி வந்திருக்கிறேன். ஆபீஸ் கேன்டீன், டிராமில் தொலைந்த குடை, நான் சைக்கிள் கற்றுக்கொண்ட லட்சணம். 'உங்கள் மனைவியைப் பற்றி ஏன் எழுதுவதே இல்லை?' என்று இரண்டு வாசகிகள் கேட்டிருந்தார்கள். கேட்டதில் தவறில்லை. இந்த அத்தியாயத்தை மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, அந்த இடத்தில் வேறு எதையோ எழுதி அனுப்பினேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கோமதியிடம் திரும்பி வருவதற்கு முன்னால், அந்த ரேடியோ எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

செய்தி வாசிக்கிற வங்காளம்

கல்யாணமாகி கோமதி தென்காசியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தபோது அவளுக்குத் தமிழைத் தவிர ஒரு பாஷையும் தெரியாது. அவள் எனக்கு அத்தை மகள். சின்ன வயசிலிருந்து என்னை 'அத்தான்' என்றுதான் கூப்பிடுவாள், கடைசிவரை அதுதான். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே. அப்பா ஒரு கம்பெனியில் சுருக்கெழுத்தராக வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. காலை ஏழு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பினால் திரும்ப ஆறு ஆகிவிடும். மின்சார மீட்டர்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்க்கிறேன், கதவைத் திறந்த கோமதியின் முகம் வீங்கியிருந்தது. காலையிலிருந்து யார் யாரோ வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். பால்காரனா, தபால்காரனா, தெரியவில்லை. பதில் சொல்லத் தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

அந்த மாதச் சம்பளத்தில் வாங்கியதுதான் அந்த ரேடியோ. தோல் உறை போட்டது, நான்கு செல் போடுவது, மூன்று பேண்ட். வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் பயம் இருக்காது என்பது என் யோசனை.

அவள் அதோடு நிற்கவில்லை. சமையலறையில் அடுப்புக்கு இடது பக்கம் இருந்த பலகையில் அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கேட்டாள். செய்தி, வானிலை, விவசாயிகளுக்கான நிகழ்ச்சி, சணல் விலை நிலவரம், எல்லாம். ஆறு மாதத்தில் வங்காளம் பேச ஆரம்பித்துவிட்டாள். ஆனால் அது செய்தி வாசிக்கிறவர்கள் பேசும் வங்காளம். முதன்முதலாக மார்க்கெட்டில் ஒரு காய்கறிக்காரரிடம் போய், "இன்றைய தினம் உருளைக்கிழங்கின் விலை நிலவரம் யாது?" என்கிற தோரணையில் கேட்டிருக்கிறாள். அவர் கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த கடைக்காரரைக் கூப்பிட்டு, "இந்த திதி பேசுவதைக் கேளேன்" என்றாராம். திதி என்றால் அக்கா. திரும்பவும் கேட்கச் சொன்னார்களாம். இவளும் சளைக்காமல் திரும்பக் கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் அந்த மார்க்கெட்டில் அவளுக்குப் பெயரே 'ரேடியோ திதி'.

மகள் சுபா பிறந்தாள், படித்தாள், பெங்களூருக்குப் போனாள். டிவி வந்தது, செல்போன் வந்தது. கோமதி சமைக்கிற நேரத்துக்கு அந்த ரேடியோதான். இசை, நாடகம், யாரோ ஒரு டாக்டர் சொல்லும் ஆலோசனை, எது வந்தாலும் கேட்பாள். குழம்பு கொதிக்கும்போது சத்தத்தைக் கூட்டுவாள், இறக்கியதும் குறைப்பாள்.

வினிகரும் பஞ்சும்

ரேடியோ நிஜமாகவே ஒரு தடவை கெட்டுப்போயிற்று. அதையும் சொல்ல வேண்டும். கதை அங்கேதான் தொடங்குகிறது.

சுபாவின் பிரசவத்துக்காக இரண்டு பேரும் பெங்களூர் போய் இரண்டு மாதம் இருந்தோம். செல்லைக் கழற்றாமல் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால், செல்கள் கசிந்து ஸ்பிரிங்கெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தன. சுவிட்சைப் போட்டால் மூச்சே இல்லை.

நான் அப்போது ஓய்வு பெற்று நான்கைந்து வருடம் ஆகியிருந்தது. வீட்டில் எனக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. அந்த ரேடியோ எனக்குக் கிடைத்த வேலையாயிற்று. பால்கனியில் மேஜையைப் போட்டேன். வினிகரில் பஞ்சை நனைத்து ஸ்பிரிங்குகளைத் துடைத்தேன். அற்றுப்போயிருந்த ஒயரைப் பற்ற வைத்தேன். சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய் புதிய கண்டென்சர்கள் வாங்கி வந்து, பழையவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மாற்றினேன். வால்யூம் கண்ட்ரோலையும் மாற்றினேன். எட்டு நாள் பிடித்தது.

ஒன்பதாம் நாள் அது பேசியது. முன்னைவிடத் தெளிவாகவே பேசியது. கோமதி அன்றைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தாள். எங்கள் வீட்டில் யாராவது ஏதாவது சாதித்தால்தான் சொதி.

"ரிடையர் ஆன பெறகும் கை போகல்லியே அத்தான்" என்றாள்.

அந்த வார்த்தை எனக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

பின்னால் ஒரு சத்தம்

தெருமுனையில் துர்க்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் வந்து இறங்கிய சமயம். அடுப்பைத் துடைத்துக்கொண்டே கோமதி சொன்னாள், "அத்தான், இதுல பின்னால ஒரு சத்தம் வருதே. கொய்ன்னு."

நான் வந்து கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் கழற்றினேன். எர்த் ஒயர் ஒன்று சரியாகப் பற்றவில்லையோ என்று சந்தேகம். திரும்பப் பற்றவைத்து மாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, "இன்னும் இருக்கு" என்றாள்.

திரும்பவும் கழற்றினேன். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காலையில் காபியைக் குடித்துவிட்டு பால்கனியில் உட்கார ஒரு காரணம். அவள் சொல்வதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம்கூடப் போட்டேன். 'கொய்ங் சத்தம், காலையில் அதிகம்.' 'பேச்சு தெளிவில்லை, பாட்டு பரவாயில்லை.' 'சத்தம் ஏறி இறங்குகிறது.' அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்தக் காது டாக்டரிடம் காட்டினாலும் முதல் பக்கத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவார். நான் அதை ரேடியோவின் நோய்க்குறிப்பாக எழுதிவைத்திருந்தேன்.

குளிர்காலத்தில் ஒரு நாள் கோமதி கேட்டாள்.

"அத்தான், ரேடியோவை அணைச்ச பெறகும் அந்தச் சத்தம் கேக்கு. அது எப்படி?"

எனக்கு உற்சாகமாகிவிட்டது. கண்டென்சர் என்பது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாத்திரம் மாதிரி, சுவிட்சை அணைத்தாலும் அதில் மிச்சமிருப்பது வடிகிறவரைக்கும் ஸ்பீக்கரில் லேசாக முனகல் இருக்கும் என்று விளக்கினேன். ஒரு காகிதத்தில் படம்கூடப் போட்டுக் காட்டினேன்.

படத்தைப் பொறுமையாகப் பார்த்தாள். "எம்புட்டு நேரம் இருக்கும்?"

"ரெண்டு செகண்டு, மிஞ்சிப்போனா மூணு."

"மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்த பெறகும் கேட்டுதே."

நான் சிரித்தேன். "அது உன் பிரமை. நாள் பூரா அதையே நெனச்சிட்டு இருந்தா அப்படித்தான்."

அவளும் கூடச் சிரித்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த மாதங்களில் இரண்டு மூன்று முறை குளியலறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "தலை சுத்துற மாதிரி இருக்கு" என்றாள். ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டேன்.

பங்குனி வாக்கில் ஸ்பீக்கரையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த அளவுக்குப் பொருந்துகிற ஸ்பீக்கருக்காக சாந்தினியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மாட்டி, துடைத்து, பலகையில் வைத்து, வானிலை அறிக்கை வரும் நேரத்துக்குப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் நின்றேன். அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

தயங்கினாள். "உங்க மனசு கஷ்டப்படும்."

"சொல்லு."

"அப்படியேதான் இருக்கு அத்தான். யாரோ பானைக்குள்ள தலைய விட்டுப் பேசுத மாதிரி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை நாள் வெயிலில் அலைந்திருக்கிறேன். "ரேடியோ நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் காது செவிடாப் போச்சு" என்றேன்.

நான் சொன்னது நிஜம். அந்தப் பத்து மாதத்தில் நான் சொன்ன ஒரே நிஜம் அதுதான். அதையும் வசவாகத்தான் சொன்னேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் ரேடியோவைப் பலகையிலிருந்து எடுத்து, ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி, பீரோவுக்கு மேலே வைத்துவிட்டாள். இரண்டு வாரத்துக்கு மேல் எங்கள் சமையலறையில் குக்கர் சத்தம் மட்டும்தான் கேட்டது. அவ்வளவு வருடத்தில் அப்படி இருந்ததே இல்லை. என்னால் தாங்க முடியவில்லை.

மறுபடியும் தபன் கடை

என் கையால் முடியாததை இன்னொருவரிடம் கொண்டுபோவது எனக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் பீரோ மேலிருந்து எடுத்து, மெட்ரோவில் ஒரு ஸ்டேஷன் போய், பவானிபூரில் விசாரித்துத் தபனைக் கண்டுபிடித்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கடை நிறைய மிக்சி, டேபிள் ஃபேன், எல்.இ.டி. பல்பு. ரேடியோவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இரண்டு நாள் வைத்துக்கொண்டார். என்னைத் தாதா, அதாவது அண்ணா என்றுதான் கூப்பிட்டார்.

"தாதா, இதில் ஒரு குறையும் இல்லை. ரொம்பச் சுத்தமான வேலை. யார் செய்தது?"

நான்தான் என்றேன். வீட்டுக்கு வந்து கோமதியிடம் வெற்றியோடு சொன்னேன். "அப்பம் சரி" என்றாள். அவ்வளவுதான். ரேடியோவைப் பலகையில் வைத்தாள், போடவில்லை.

அது என்னை அரித்தது. மறு வாரம் திரும்பவும் அதைத் தூக்கிக்கொண்டு போனேன். தபனுக்கு அலுத்துவிட்டது. "கேட்பது பௌதி. உங்களுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. அவர்களை அழைத்துக்கொண்டு வாருங்கள். என் முன்னால் உட்கார்ந்து எந்தச் சத்தம் என்று சொல்லட்டும்" என்றார்.

அப்படித்தான் கோமதி அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். தொந்தரவு கொடுக்கிறோமே என்று வரும் வழியெல்லாம் சங்கடப்பட்டுக்கொண்டே வந்தாள்.

கண்ணை மூடச் சொன்னதும் தபன் ரேடியோவைப் போட்டு, கையில் எடுத்துக்கொண்டு, அவளுடைய வலது பக்கமாக ஒரு முழ தூரத்தில் பிடித்தார். யாரோ காய்ச்சலுக்கான ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கேட்கிறதா, பௌதி?"

"கேட்கிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறார்."

"தெளிவாக?"

"தெளிவாக இருக்கிறது" என்றவள் முகம் மலர்ந்தாள். கண்ணை மூடியபடியே என் பக்கம் திரும்பி, "அத்தான், சரியாப் போச்சு" என்றாள் தமிழில்.

தபன் சத்தம் வராமல் எழுந்து, ரேடியோவை அவளுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய், இடது பக்கம் அதே முழ தூரத்தில் பிடித்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டவும் செய்தார். காய்ச்சல் டாக்டர் உரக்கப் பேசிக்கொண்டே போனார். எனக்குக் கேட்டது. மிக்சி ஜார் அம்மாளுக்குக் கேட்டது. சந்தில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

கோமதி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு மரியாதையாக வங்காளத்தில் கேட்டாள்: "அணைத்துவிட்டீர்களா?"

அந்த அம்மாள் விசிறுவதை நிறுத்திவிட்டாள். தபன் என்னைப் பார்த்தார். நான் எதைப் பார்த்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அவர் ரேடியோவை மேஜைமேல் வைத்துவிட்டு, ஃபேனைப் போட்டுவிட்டு, என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். "தாதா, வயதானால் இரண்டு காதும் சேர்ந்துதான் மந்தமாகும். ஒன்று மட்டும் போகக் கூடாது. ரேடியோ இங்கேயே இருக்கட்டும். நாளைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்" என்றார்.

கோமதிக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திறந்த கண்ணோடு இடது காதைக் கையால் மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "அப்பம் இத்தனை நாளும் நீங்க என்னத்தக் கழத்தி மாட்டிட்டு இருந்திய?" என்று சிரித்தாள். இளநீர் வேண்டும் என்றாள். குடித்தோம். சாலையைக் கடக்கும்போது நான் அவளுடைய வலது பக்கம் மாறி நடந்தேன். அதற்குப் பிறகு கடைசிவரை அந்தப் பக்கம்தான் நடந்தேன்.

'மாஷ் கானேக்'

காது டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேனைப் பார்த்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த அறுவை சிகிச்சை நிபுணர் நிதானமான மனிதர். திரையில் படத்தைக் காட்டி, காது நரம்பு மூளைக்குள் போகும் இடத்தில் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி என்றார். புற்றுநோய் இல்லை. ஆனால் இருக்கும் இடம் மோசம். பக்கத்தில் இருப்பதையெல்லாம் அழுத்திக்கொண்டிருக்கிறது, எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "எத்தனை நாளாக இந்தத் தொந்தரவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோமதி பதில் சொல்லிவிட்டாள். "ஏய் தோ, மாஷ் கானேக்."

இதோ, ஒரு மாசம் போல.

டாக்டர் எழுதிக்கொண்டார். "இந்த மாதிரிக் கட்டி பல வருடமாக மெல்ல வளர்ந்திருக்கும். ஒரு மாதம் முன்னே பின்னே வந்ததால் ஒன்றும் மாறியிருக்காது. அதை நினைத்து வருத்தப்படாதீர்கள்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் தலையை ஆட்டினேன்.

வெளியே நாற்காலி வரிசையில் வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன சொல்ல? இவுக பத்து மாசமா ரேடியோவக் கழத்தி மாட்டிட்டு இருந்தாகன்னா?"

"டாக்டர்கிட்ட நிஜத்தச் சொல்லணும் கோமதி."

"சொன்னா அவரு உங்கள ஒரு பார்வை பாப்பாரு. அது எனக்கு வேண்டாம்" என்றாள். என் சட்டைப் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த டோக்கன் சீட்டை உள்ளே தள்ளிவிட்டாள். "நீங்களும் சொல்லாதிய. சுபாட்டயும் சொல்லாதிய. அவ தாங்க மாட்டா."

நான் அவள் பேச்சைக் கேட்டேன். அவளுக்காகத்தான் சொல்லாமல் இருந்தேன் என்று அப்போது நினைத்தேன். எனக்காகவும்தான்.

அறுவை சிகிச்சை முடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். இடது காது போய்விட்டது, முகத்தில் அந்தப் பாதி தொய்ந்திருந்தது. அதையெல்லாம் முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். ஆனால் அவளுக்கு விழுங்க வரவில்லை. தண்ணீர் நுரையீரல் பக்கம் இறங்கிவிட்டது. காய்ச்சல் வந்தது. ரேடியோ கொண்டுவரட்டுமா என்று ஒரு நாள் அவளுடைய வலது காதருகில் கேட்டேன். பக்கத்துக் கட்டிலைக் கண்ணால் காட்டி, வேண்டாம் என்று கையை அசைத்தாள். அந்த நோயாளி தூங்கிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் போய்விட்டாள்.

சுபா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். எல்லாம் முடிந்து, வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது கேட்டாள்: "இவ்வளவு பெருசாகிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையாப்பா?"

"தெரியலம்மா" என்றேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள் அந்த டாக்டரிடம் போனேன். ஒரு மாதம் இல்லை, பத்து மாதம். அதனால் ஏதாவது மாறியிருக்குமா என்று கேட்பதற்காக. டோக்கன் வாங்கி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து லிஃப்ட் பக்கம் போய்விட்டேன். பதில் எதுவாக இருந்தாலும் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

சுபாவுக்கு வாசித்துக் காட்டியது

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இந்த அத்தியாயத்தை எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்ப மனம் வரவில்லை. ஊரார் படிப்பதற்கு முன்னால் சுபாவுக்குத் தெரிய வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை காலை போன் பண்ணி, ஒரு பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேளு என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து வாசித்தேன். கண்டென்சர் படம் போட்டுக் காட்டிய இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். 'தெரியலம்மா என்றேன்' என்ற வரியையும் வாசித்தேன்.

முடித்த பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று, "சுபா, இருக்கியா?" என்றேன்.

"இருக்கேம்பா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"அப்பா, அம்மா போன எப்பவும் இடது காதுலதான வைப்பா? வலது கையில கரண்டி இருக்கும்."

"ஆமா."

"அந்த வருஷம் பூரா, நான் எப்ப போன் பண்ணாலும், 'ஏட்டி, உன் சத்தம் கெணத்துக்குள்ள இருந்து வார மாதிரி இருக்கு'ன்னு சொல்லுவா. நான் நெட்வொர்க் சரியில்லன்னு சொன்னேன். கீழ்வீட்டுக்காரங்க மூலமா சிம்ம மாத்த வச்சேன். அப்புறம் புது போன் ஒண்ணு கூரியர்ல அனுப்பினேனே, ஞாபகம் இருக்கா? அதுலயும் அப்படித்தான் இருக்குன்னா. எனக்கு பாப்பாவோட தூக்கமே இல்லாத நேரம். ஸ்பீக்கர விரலால மூடிட்டுப் பேசுற, ஒரு போன் பிடிக்கத் தெரியலையான்னு கத்திட்டேன்பா. அதுக்கப்புறம் அவ சொல்லவே இல்ல. நான் என்ன சொன்னாலும், 'நல்லாக் கேக்குட்டி, நல்லாக் கேக்கு'ன்னா."

அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்த டாக்டர் என்னிடம் சொன்னதையே சொன்னேன். பல வருடமாக மெல்ல வளர்ந்தது, அதனால் ஒன்றும் மாறியிருக்காது, அதை நினைத்து வருத்தப்படாதே என்று. சொல்லும்போதே, நான் நம்பாததை இவளிடம் சொல்கிறேனே என்று பட்டது.

"ஏன் இத்தனை நாள் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அவள் பக்கத்தில் குழந்தை எதற்கோ கூப்பிட்டது. இரு, வருகிறேன் என்று அதனிடம் சொன்னாள். பிறகு நான்தான் கேட்டேன், இதை அனுப்பட்டுமா, வேண்டாமா என்று.

"அனுப்புங்க" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "என்னோடதையும் சேத்து எழுதிடுங்கப்பா."

சேர்த்துவிட்டேன்.